2618 என்று பொறித்து விற்கப்பட்ட வார்ப்பு பிஸ்டன்: சென்னையில் இன்ஜின் கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பந்தயத்தளத்தில் மட்டும் ஓட்டுவதற்காக நான் கட்டிய மாருதி எஸ்டீம் காரின் இன்ஜின், மொத்தம் 11 மணி நேரம்கூட ஓடாத நிலையில், இருங்காட்டுக்கோட்டையில் நேர்ப்பாதையின் முடிவில் உடைந்தது. மூன்றாவது சிலிண்டரில் இருந்த பிஸ்டனின் பாவாடைப் பகுதி, அதாவது மெக்கானிக்குகள் ஸ்கர்ட் என்று சொல்லும் கீழ்ப்பகுதி, இரண்டு துண்டுகளாகி இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் விழுந்திருந்தது. ஃபோர்ஜ்டு, அதாவது உலோகத்தை அச்சில் அழுத்தி அடித்துச் செய்தவை என்று சொல்லி 58,000 ரூபாய்க்கு எனக்கு விற்கப்பட்ட அந்த நான்கு பிஸ்டன்களும், உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த சாதாரண வார்ப்பு பிஸ்டன்கள் என்பதை அதன் பிறகுதான் ஆய்வகத்தின் வழியாக அறிந்தேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்த விதத்தை முழுமையாக எழுதுகிறேன், ஏனெனில் இதே முறையில் வேறு ஒருவருக்கும் விற்கப்படலாம்.

எஸ்டீமின் 16 வால்வு இன்ஜினில் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 75.5 மி.மீ., கொள்ளளவு 1298 சி.சி. பழைய பிளாக்கில் தேய்மானம் இருந்ததால் அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி 74.5 மி.மீ. பிஸ்டன் போடுவது என்றும், கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் வாயு எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை, 11க்கு ஏற்றுவது என்றும், நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை ஓட்டுவது என்றும் முடிவு செய்திருந்தேன். அந்தச் சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 18.9 மீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை அந்தப் பிஸ்டன் முழுமையாக நின்று திரும்பியாக வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், உலோகத்தின் தரத்தில் ஏன் சமரசம் செய்யக் கூடாது என்பது விளங்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் விசாரித்தபோது, ஸ்டாண்டர்டு மாற்று பிஸ்டன்கள்தான் கிடைக்கும், ஃபோர்ஜ்டு வேண்டுமானால் அளவு கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று நேர்மையாகவே சொன்னார்கள். அதன் பிறகுதான் பந்தய வண்டிகளுக்கான பாகங்களை மட்டும் விற்பதாகச் சொல்லும், புறநகரில் உள்ள ஒரு கடைக்கு நண்பர் ஒருவர் வழி காட்டினார். கடைக்காரர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். 2618 என்ற அலுமினிய அலாய் (உலோகக் கலவை) என்றார், வெளிநாட்டில் அடித்து இங்கே மெஷினிங் செய்தது என்றார். ஆறு வாரத்தில் பெட்டி வந்தது. ஒவ்வொரு பிஸ்டனின் தலையிலும் 2618 என்ற எண்ணும் 74.50 என்ற அளவும் லேசரில் அழகாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தப் பொறிப்பை நான் சான்றாக எடுத்துக்கொண்டேன். லேசர் இயந்திரம் வைத்திருக்கும் எவரும் எந்த உலோகத்தின் மீதும் எந்த எண்ணையும் பொறிக்கலாம் என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இங்கே அலாய் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் பெரும்பாலும் இரண்டு அலுமினியக் கலவைகளே பயன்படுகின்றன. 2618இல் சிலிக்கான் மிக மிகக் குறைவு, கால் சதவீதத்துக்கும் கீழே. அதனால் அது வளைந்து கொடுக்கும், எளிதில் விரிசல் விடாது, ஆனால் சூட்டில் அதிகமாக விரியும். 4032இல் சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம். அது குறைவாக விரியும், தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் அடி விழுந்தால் 2618 அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. இந்த வேறுபாட்டினால்தான் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே விடும் இடைவெளி மாறுகிறது. இந்த அளவு போருக்கு 2618 என்றால் 0.08 முதல் 0.10 மி.மீ. வரை விடுவார்கள். 4032 என்றால் அதைவிடக் குறைவாக விட வேண்டும். கம்பெனியிலிருந்து வரும் வார்ப்பு பிஸ்டனுக்கு 0.02 முதல் 0.04 மி.மீ. போதும். ஆகவே பிஸ்டன் எது என்று உறுதியாகத் தெரியாமல் பிளாக்கைப் போர் செய்யவே, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கவே முடியாது. தவறான இடைவெளிக்குக் குடைந்துவிட்ட பிளாக்கை மீண்டும் சுருக்க வழியில்லை, உள்ளே புதிய உருளைக் குழாய் செருகும் ஸ்லீவ் போடுவது ஒன்றே வழி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகளாகப் போரிங்கும், சிலிண்டர் சுவரை நுட்பமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் ஹோனிங்கும் செய்துவரும் பெரியவர் ஒருவரிடம் பிளாக்கைக் கொண்டுபோனேன். பிஸ்டனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி, "தம்பி, இதோட சீட்டு எங்கே?" என்பதுதான். நல்ல ஃபோர்ஜ்டு பிஸ்டனுடன் அளவுக் குறிப்புச் சீட்டு ஒன்று கட்டாயம் வரும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும், ரிங் முனைகளுக்கு இடையே எவ்வளவு இடம் விட வேண்டும், பிஸ்டனின் குறுக்களவை எந்த உயரத்தில் அளக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிஸ்டன் முழு வட்டமும் அல்ல, நேரான உருளையும் அல்ல. பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் கட்ஜன் பின்னின் துவாரத்துக்குச் செங்குத்தான திசையில் சற்று அகலமாகவும், மேலிருந்து கீழே பீப்பாய் போல மெல்லிய வளைவுடனும் இருக்கும். அளக்கும் இடம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே இடைவெளிக் கணக்கு மாறிவிடும்.

என் பெட்டியில் அந்தச் சீட்டு இல்லை. கடைக்காரரிடம் கேட்டபோது வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பதில் வந்தது: "ஸ்கர்ட் கீழே அளந்துட்டு 0.09 விடச் சொல்லுங்க சார், 2618க்கு அதான் கணக்கு." பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "எழுத்துல வாங்கிட்டு வாப்பா, அப்புறம் போர் பண்ணலாம்" என்று இரண்டு முறை சொன்னார். தளத்தில் நாள் குறித்துவிட்ட அவசரத்தில் நான்தான் வற்புறுத்தினேன். அவர் ஹெட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் கனமான தகடான டார்க் பிளேட்டை மாட்டி, ஹெட் போல்ட்டுகள் இறுக்கப்பட்ட நிலையில் சிலிண்டர் எவ்வளவு நெளியுமோ அந்த நெளிவுடனேயே ஹோனிங் செய்து, நான்கு சிலிண்டர்களிலும் சரியாக 0.09 விட்டுக் கொடுத்தார். அவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை.

இன்ஜினை முதலில் இயக்கியபோது பிஸ்டன் சத்தம் கேட்டது. 2618 பிஸ்டன் குளிர்ந்த நிலையில் சுவரில் தட்டுவது இயல்பு என்பதால் நான் கவலைப்படவில்லை. ஆனால் அந்தச் சத்தம் சூடேறிப் பிஸ்டன் விரிந்ததும் அடங்க வேண்டும். என்னுடைய இன்ஜினில் தண்ணீர் 90 டிகிரியைத் தொட்ட பிறகும் அது அடங்கவே இல்லை. கடைக்காரர், "ஃபோர்ஜ்டுன்னா அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். இந்த ஒரு பதிலை யாராவது உங்களிடம் சொன்னால் தயவுசெய்து இன்ஜினை நிறுத்திவிடுங்கள். முழுச் சூட்டில் தட்டும் பிஸ்டன் ஓடினால் செட் ஆகாது, ஒவ்வொரு தட்டலிலும் ஸ்கர்ட்டின் வேரில் விரிசலை வளர்க்கும். எனக்கு நடந்ததும் அதுவே: 2618க்கான 0.09 இடைவெளியை நிரப்பும் அளவுக்கு அந்த வார்ப்பு பிஸ்டன் விரியவில்லை.

உடைந்த துண்டுகளைச் சேகரித்து, அங்கீகாரம் பெற்ற ஓர் உலோக ஆய்வகத்தில் கொடுத்தேன். உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனையில் சிலிக்கான் 11.8 சதவீதம் என்று வந்தது. 2618 அல்ல என்பது அங்கேயே முடிந்துவிட்டது. அறிக்கையைக் காட்டியதும் கடைக்காரர் பேச்சை மாற்றி, அனுப்பியவர்கள் தவறுதலாக 4032 அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் அது ஃபோர்ஜ்டுதான், நான் அதிகச் சுழற்சியில் ஓட்டியதால் உடைந்தது என்றார். இந்த வாதம் எவ்வளவு நுட்பமானது என்பதைக் கவனிக்க வேண்டும். 4032க்கும் சாதாரண வார்ப்பு பிஸ்டன் கலவைக்கும் வேதிப் பொருட்களின் அளவில் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டிலும் சிலிக்கான் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், செம்பும் மெக்னீசியமும் நிக்கலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். எனவே கலவைச் சோதனை மட்டும் வைத்துக்கொண்டு வார்ப்பா, ஃபோர்ஜ்டா என்று நிரூபிக்க முடியாது. அது தெரிந்தேதான் அவர் அப்படிச் சொன்னார் என்று நான் நம்புகிறேன்.

ஆய்வகத்தில் இருந்த பொறியாளர்தான் வழி சொன்னார். துண்டை வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், ஃபோர்ஜ்டு உலோகத்தில் சிலிக்கான் துகள்கள் நொறுங்கி, அழுத்தம் பாய்ந்த திசையில் வரிசையாக நீண்டு கிடக்கும். உருக்கி ஊற்றிய உலோகத்தில் மரக்கிளை போலப் பிரிந்து வளர்ந்த படிகங்களும், காற்றுக் குமிழ்கள் விட்ட நுண்துளைகளும் தெரியும். என்னுடைய துண்டில் தெரிந்தவை கிளைகளும் துளைகளும்தான். படங்களுடன் கூடிய அந்த இரண்டாவது அறிக்கைக்குப் பிறகு கடைக்காரர் அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இதோடு முடியவில்லை. மீதமிருந்த பிஸ்டன்களில் ஒன்றைச் சிலிண்டரின் உச்சியில் நிறுத்தி, அக்ரிலிக் பலகையும், திரவத்தை அளந்து விடும் பியூரெட் குழாயும் வைத்து எரியறையின் கன அளவை அளந்தேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 329 சி.சி. என்பதால், விகிதம் 11 ஆக இருக்க வேண்டுமானால் மேலே எஞ்சும் இடம் 32.9 சி.சி. ஆக இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 36.5 சி.சி., அதாவது விகிதம் 10தான். நான் கேட்ட அளவுக்குச் செய்யப்பட்ட பிஸ்டனே அல்ல அது. இந்த அளவீட்டை இன்ஜின் கட்டும்போதே செய்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும் அதற்கு.

எனக்கு மனவருத்தம் தருவது இன்னொன்று. டர்போ இல்லாத என் இன்ஜினுக்கு உண்மையான 4032 ஃபோர்ஜ்டு பிஸ்டனே தாராளமாகப் போதுமானதாக இருந்திருக்கும். அதைச் சொல்லி, அதற்குரிய இடைவெளியையும் சொல்லி விற்றிருந்தால் இருவருக்கும் நன்மையாக முடிந்திருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் பிஸ்டனைக் கவிழ்த்து உட்புறத்தைப் பாருங்கள். ஃபோர்ஜிங் செய்யும்போது அச்சு நேராக உள்ளே இறங்கி நேராக வெளியே வர வேண்டும் என்பதால், உட்புறச் சுவர்களில் உள்வாங்கிய குழிவுகள் இருக்காது. குழிவுகளும், அச்சுத் துண்டுகள் சேர்ந்த கோடுகளும், உலோகம் ஊற்றிய வாயின் தழும்பும் தெரிந்தால் அது வார்ப்புதான். என் பிஸ்டனில் அந்தக் கோடுகளை அரைத்து மணல் அடித்து மறைத்திருந்தார்கள். ஆனால் கட்ஜன் பின் மேடைக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு இருந்த குழிவை மறைக்க முடியவில்லை. பெரியவர் முதல் நாளிலேயே விரல் வைத்துத் தடவிப் பார்த்துத் தலையசைத்தது அதைத்தான் என்று இப்போது புரிகிறது.

பில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னுடைய பில்லில் "பிஸ்டன் செட் 1" என்று மட்டுமே இருந்தது. அலாயின் பெயரோ, ஃபோர்ஜ்டு என்ற சொல்லோ, தயாரிப்பாளர் பெயரோ, பாக எண்ணோ இல்லை. அந்தக் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருந்ததால் மட்டுமே 2618 என்று சொல்லி விற்றார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. இவை அனைத்தும் பில்லில் எழுதப்படும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன், பலன் இல்லாததால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மனுவைத் தாக்கல் செய்திருக்கிறேன். பொருளின் குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று சட்டம் சொல்வதால், உடையாத மூன்று பிஸ்டன்களையும் வெட்டாமல் அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். பிளாக் அம்பத்தூரில் ஸ்லீவுக்காகக் காத்திருக்கிறது. புதிய பிஸ்டன்கள் சீட்டுடன் வந்து, அதைத் தாம் படித்துப் பார்த்த பிறகே போரிங் இயந்திரத்தில் ஏற்றுவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.