எஸ்ட்ராடியோல் ஜெல்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் நான், மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் தகிப்புக்காகத் தோலில் பூசும் எஸ்ட்ராடியோல் ஜெல்லைக் கடந்த பதினான்கு மாதங்களாக நாள் தவறாமல் பூசி வருகிறேன். எஸ்ட்ராடியோல் என்பது எஸ்ட்ரோஜன் எனும் பெண் ஹார்மோனின் ஒரு வகை. ஐம்பதைத் தொட்ட பெண்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் காதோடு காதாக விசாரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "டீச்சர், உங்கள் மருந்தை ஒரு நாளைக்கு மட்டும் நானும் பூசிப் பார்க்கட்டுமா?" என்றே கேட்டுவிட்டார். அவரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 51 வயதில் மாதவிடாய் நின்றது. அதற்கு முன்பே உடல் தகிக்கத் தொடங்கிவிட்டது. வகுப்பில் வெண்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து கிளம்பும் சூடு கழுத்து, காது என ஏறி, பேனா வழுக்கும் அளவுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். இரவில் இரண்டு முறையாவது எழுந்து சட்டை மாற்றுவேன். தூக்கம் கெட்டதால் பிள்ளைகளிடம் காரணமின்றிச் சினந்தேன். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருப்பது அதுதான்.

முதலில் நான் சென்ற தனியார் கிளினிக்கில், குறைகளைக் கேட்டுவிட்டு எஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். கருப்பை இருக்கிறதா, அகற்றப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி அது என்பது எனக்கும் தெரியாது. தகிப்பு உடனே தணிந்தது. ஆனால் ஐந்தாம் மாதத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டது. அரசாங்க மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது கருப்பையின் உட்படலம் 11 மில்லிமீட்டர் தடித்திருந்தது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்ட பெண்ணுக்கு 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே மேற்கொண்டு சோதிப்பது வழக்கமாம். திசு எடுத்து அனுப்பி, புற்றுநோய் இல்லை என்ற முடிவு வரும்வரை நான் சோறு சரியாக உண்ணவில்லை. எஸ்ட்ரோஜன் அந்தப் படலத்தை வளர்த்துக்கொண்டே போகும் என்றும், அதைக் கட்டுப்படுத்தப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் கூடவே இல்லாவிட்டால் நாளடைவில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்றும் அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கருப்பை அகற்றப்பட்ட என் அக்காவுக்கு எஸ்ட்ரோஜன் மட்டுமே போதும், எனக்குப் போதாது.

படலம் சீரான பிறகு அவர் எழுதித் தந்தவை இரண்டு: காலையில் ஜெல், இரவில் 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் மாத்திரை.

ஜெல் நிறமற்றது, சாராய வாடை சற்று அடிக்கும், உலர்ந்ததும் போய்விடும். 80 கிராம் குப்பியின் தலையை ஒரு முறை அழுத்தினால் 1.25 கிராம் ஜெல் வரும், அதில் 0.75 மில்லிகிராம் எஸ்ட்ராடியோல் இருக்கிறது. நாளுக்கு இரண்டு அழுத்தம் எனப் பயன்படுத்தும் எனக்கு ஒரு குப்பி 32 நாள் வருகிறது. தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. மார்பில் மட்டும் பூசவே கூடாது. சாராயம் கலந்திருப்பதால் உலரும் வரை நெருப்பண்டை போகக் கூடாது. ஆகவே குளித்துவிட்டு முதலில் சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்ட பிறகே அறைக்குள் சென்று பூசுகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐந்து நிமிடம் காற்றாட நின்று, நீளக்கை பாஜு கூரோங் (தளர்வான மலாய் உடை) அணிந்துகொள்கிறேன். பேரக்குழந்தை ஓடி வந்து தோளில் சாயும் வீட்டில் இது மிக முக்கியம், ஏனெனில் தோலோடு தோல் உரசினால் மருந்து குழந்தைக்கும் ஒட்டிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஊறும் முன் பூசிவிடுவதே வசதி.

மாத்திரையாக விழுங்கும் எஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போவதால் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. வழக்கமான அளவில் தோல் வழியாகச் செல்லும் மருந்தில் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. இரத்த அழுத்தம் உள்ள எனக்கு இதுவே பெரிய ஆறுதல். இரவு மாத்திரை தூக்கத்தையும் தருகிறது. அதை மட்டும் நிறுத்திவிட்டு ஜெல்லைத் தொடர்வது, நான் முன்பு பட்ட பாட்டை மறுபடி விலைக்கு வாங்குவதாகும்.

புற்றுநோய் வரும் என்று என் சின்னம்மா அஞ்சினார். அந்த அச்சத்தின் வேர் 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு. அதில் கலந்துகொண்ட 16,608 பெண்களின் சராசரி வயது 63; அவர்களுக்கு அளிக்கப்பட்டது வேறு வகை எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனைப் போல் செயல்படும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. அந்த மருந்தை உண்டவர்களிடையே ஆண்டுக்குப் 10,000 பேருக்கு 8 பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அதை இல்லை என்று மறைக்கக் கூடாது. இரண்டு மருந்தையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் எடுக்க எடுக்க அந்த அபாயம் ஏறும். எனினும் 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, தகிப்பு வாட்டும்போது நன்மையே பெரும்பாலும் மிகுதி என்பது இன்றைய மருத்துவர்களின் கணிப்பு. நான் ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்த்து, தொடர வேண்டுமா என்று கேட்கிறேன். மாம்மோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரேயையும் தவணைப்படி எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரத்தில் இரவு வியர்வை பாதியானது. இரண்டு மாதத்தில் ஏறக்குறைய நின்றது. தொடக்கத்தில் மார்பு கனத்தது, இருமுறை சிறிது இரத்தக்கறை பட்டது. முதல் சில மாதங்களில் இப்படி வருவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். குறை என்று சொன்னால், குப்பியின் அடியில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று வெளியே தெரிவதில்லை. நான் நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறேன்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இதே தகிப்புக்கென விற்கப்படும் பெயரற்ற ஜாமு (மூலிகை மருந்து) பொட்டலங்களை நான் தொடுவதில்லை. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும்; அதைப் பார்த்தே வாங்குகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என் குப்பியைத் தரவில்லை. ஏனென்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், கடைசிப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் அவருக்குக் காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருந்த கதை வெளியே வந்தது. மார்பகப் புற்றுநோய் கண்டவர், பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்தவர், கல்லீரல் நோயுள்ளவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் என, மருத்துவர் முதலில் பிரித்துப் பார்க்கும் வரிசையில் அவரும் இருக்கிறார். அந்தப் பழைய மருத்துவச் சீட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை அரசாங்க கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்து போகிறோம்.