மல்லார்ட் குஞ்சுகளுக்கு மூட்டில்லா அலுமினிய வளையம்: வாங்கலாமா?

அமெரிக்காவில் மல்லார்ட் வாத்து வளர்ப்பவர்கள், குஞ்சுக்கு ஆறு வாரம் ஆவதற்குள் அடையாளம் இட்டாக வேண்டும். கூட்டாட்சி விதி ஏற்பது நான்கே வழி: வலது காலின் பின்விரலை நீக்குவது, ஒரு இறக்கையின் நுனி எலும்பை வெட்டுவது, கால் சவ்வில் எண்ணோ எழுத்தோ பச்சை குத்துவது, காலில் மூட்டில்லா (வெட்டோ இணைப்போ இல்லாத முழு) உலோக வளையம்.

வளையத்துக்கே என் ஓட்டு. ரத்தம் இல்லை, குஞ்சுக்கு அடையாள எண்ணும் கிடைக்கிறது. முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி, வளையத்தை மேலே இழுத்தபின் விரலை விடுவிக்க வேண்டும்.

சிக்கலெல்லாம் நாள் பார்ப்பதில்தான். சீக்கிரம் போட்டால் வைக்கோலில் கழன்று கிடக்கும். தள்ளிப்போட்டால் பாதம் பெருத்து உள்ளே போகாது. ஒரே ஈட்டுக் குஞ்சுகள்கூட ஒரே சீராக வளர்வதில்லை. இரண்டாவது வாரம் முதல் ஒன்றிரண்டில் போட்டுப் பாருங்கள். மறுநாள் ஒவ்வொரு குஞ்சின் காலையும் சரிபாருங்கள்.

மலிவு என்று பிளவு வளையமோ பிளாஸ்டிக் சுருளோ வாங்க வேண்டாம். பண்ணைக் கணக்குக்கு உதவும், சட்டத்துக்குச் செல்லாது. வளையம் நுழையாத குஞ்சுக்குப் பச்சை குத்தும் இடுக்கி கைவசம் இருக்கட்டும்: மை தடவி, சவ்வை விரித்து, ரத்தக்குழாயைத் தவிர்த்து அழுத்தி, மறுபடி மையைத் தேய்க்கவும்.