புதன்கிழமை தடுப்பூசி முகாம்: எங்கள் ஊர் நர்ஸம்மாவுக்கு நாலரை மதிப்பெண்

எங்கள் ஊர் அங்கன்வாடியில் புதன்கிழமை நடக்கும் தடுப்பூசி முகாமுக்கு ஐந்துக்கு நாலரை தருகிறேன். அந்த நாலரையும் கிராம சுகாதாரச் செவிலியருக்கே உரியது. குறைத்த அரை, கட்டடத்துக்கு.

மூத்தவனுக்கு ஊசியெல்லாம் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் போட்டோம். நிமோனியா தடுப்பூசிக்கு மட்டுமே தவணைக்கு ஆயிரக்கணக்கில் செலவானது. 2021 முதல் அந்த நோய்க்கான தடுப்பூசியும் தமிழ்நாட்டு அரசு முகாம்களில் இலவசம். காசு மிச்சமாகிறதே என்றுதான் இளையவளை இங்கே தூக்கிக்கொண்டு வந்தேன். இனிக் கையில் காசு புரண்டாலும் வேறிடம் போக மாட்டேன்.

காரணம், அந்த அம்மாள் வேலை செய்யும் விதம். மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் போனபோது அன்று அந்த ஊசிக்கு வந்த குழந்தை அவள் ஒருத்திதான். அது பல குழந்தைகளுக்குப் போடும் குப்பி. பொடியில் கரைப்பான் கலந்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். "இன்னும் இரண்டு பேர் சேரட்டும், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். அவரோ குப்பியின் மேல் ஒட்டியிருந்த சிறு வட்டத்தைக் காட்டினார். "நடுவில் இருக்கும் சதுரம் வெளுப்பாக இருக்கிறதா, பாருங்கள். வெப்பம் பட்டால் அது கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் இந்த மருந்தைத் தொடமாட்டேன்" என்றார். பிறகு குப்பியைத் திறந்து, திறந்த நேரத்தை அதன்மேலேயே எழுதினார். ஒரு கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்காக ஒரு முழுக் குப்பி! அரசாங்க விதியே அப்படித்தானாம். விதியை முகம் சுளிக்காமல் நடத்திக்காட்ட ஒரு மனுஷி வேண்டுமே.

மகளுக்கு அன்று லேசான சளி. ஊசி போடலாமா என்று தயங்கினேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றார். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லி அரை மணி நேரம் உட்காரவைத்தார். என்ன ஊசி, எந்த நோய்க்கு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்த தவணை எப்போது, அட்டையைப் பத்திரமாக வையுங்கள்: எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொரு தாயிடமும் இத்தனையையும் சொல்கிறார். அத்தனை காசு வாங்கிய இடத்தில் எங்களுக்கு இதில் பாதிகூடச் சொல்லவில்லை.

ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு முகாமுக்கு வர முடியாது. வராத குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் பார்த்து, மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே சூளைக்குப் போய்விடுகிறார். நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கிய குழந்தை கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் சான்றிதழில் இவரைப் போன்றவர்களின் பெயர் இல்லை. ஆனால் அதைச் சம்பாதித்துக் கொடுத்தது இப்படி வீடுவீடாக, சூளைசூளையாக நடந்த கால்கள்தான். விருது, பாராட்டு விழா என்றால் முதலில் இவர்களை மேடையேற்ற வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையோடு காத்திருக்க நிழல் போதாது. உள்ளே இருக்கும் ஒரே மின்விசிறி பேருக்குச் சுற்றுகிறது. ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் கணினியிலும் இரண்டு முறை ஏற்ற வேண்டியிருப்பதால் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. எழுதுவதற்கு ஓர் உதவியாளரைக் கொடுத்தால் அவர் குழந்தைகளைப் பார்ப்பார்.

போகிறவர்கள் தாய்-சேய் அட்டையையும் கர்ப்பகாலத்தில் பதிவு செய்த கைபேசி எண்ணையும் மறக்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். குழந்தைக்குத் தொப்பியும், உங்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோவது நல்லது.