வேலூர் அடுப்பில் எறா: ஐஸ் எறா, பாக்கெட் எறா, காய்ந்த எறா

சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூரில் இறால் வாங்குபவர், இங்கே பேச்சு வழக்கில் சொல்வதைப் போல 'எறா' வாங்குபவர், முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அது கரையேறி எவ்வளவு நேரமாயிற்று என்பதைத்தான்.

மீன் மார்க்கெட்டில் ஐஸில் வரும் இறாலில் பெரும்பகுதி இப்போது வனாமி. மெக்சிகோ முதல் பெரு வரையுள்ள பசிபிக் கரைக்கு உரிய இந்த இனத்தைப் பண்ணைகளில் வளர்க்க இந்தியாவில் 2009ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. தலை உடலோடு இறுகியும் ஓடு பளபளப்பாகவும் இருந்தால் தொக்குக்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை, ஏனெனில் உரித்த தலையையும் ஓட்டையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்த சாறு மசாலாவுக்குத் தரும் ருசி உரித்து வந்த இறாலில் கிடைக்காது. ஆனால் ஒரு கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போகப் பாதிக்குச் சற்று மேல்தான் சதை தேறும். சித்திரை வெயிலில் நண்பகலுக்கு மேல் வாங்குவதை நான் அறவே தவிர்க்கிறேன்.

உறைய வைத்த பாக்கெட் இறால் பிரியாணிக்குப் போதும். எடையில் ஒரு பங்கு மேலே படிந்த பனிப்பூச்சு என்பதையும், வெளியில் வைக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து இளக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டுக்கும் பொதுவான பிழை அதிகம் வேகவிடுவது. தொக்கு சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகு இறாலைச் சேர்த்து, அது சிவந்து அரைவட்டமாக வளையும் மூன்று நான்கு நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்போல் ஆகிவிடும்.

காய்ந்த எறாவைப் பலர் ஏழைக்குரிய மாற்று என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் கடலில்லாத வட ஆர்க்காட்டுக்குப் பழுதின்றி வந்து சேர்ந்த கடற்சுவை அதுதான். வெறும் சட்டியில் மணம் எழும்வரை வறுத்து, ஆறியதும் தலையையும் காலையும் கிள்ளி, மணல் போக வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் சேர்த்தால், அந்தக் காய் எறாவின் உப்பையும் சாரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். புதிய இறாலை அதே குழம்பில் போட்டால் காய் வேகும் நேரத்துக்குள் இறால் இறுகிவிடும், முன்னதாக எடுத்துவிட்டாலோ குழம்பில் ருசி இறங்காது. ஆகவே தொக்குக்கு ஐஸ் எறாவையும் குழம்புக்குக் காய்ந்த எறாவையும் நான் தேர்ந்தெடுப்பேன். பின்னதில் உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும்.