மடங்கும் கட்டில், வாசல் பெஞ்ச், கடைசி நிறுத்தம்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பெருநகரத்தில் இரண்டு அறை வீடு, இரண்டு பிள்ளைகள், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. இப்படி இருப்பவர்கள் வீட்டுச் சாமான் வாங்கப் போனால், படிக்கக் கிடைப்பதெல்லாம் பொருள் வந்து இறங்கிய வாரத்தில் எழுதிய விமர்சனங்கள்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் ஐந்து நட்சத்திரம். பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதித்து, ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, விருந்தாளி தங்கிப் போய், ஒரு மழைக்காலம் முழுக்கத் துணி உள்ளேயே காய்ந்த பிறகு அந்தச் சாமான் என்ன ஆகிறது என்று எழுத ஆளில்லை. அதை நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அதிகப் பணம் தின்றது சுவரில் மடங்கும் கட்டில். அதிகம் உழைப்பது வாசல் கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு பெஞ்ச்.

கட்டிலில் இருந்தே தொடங்கலாம், எல்லோரும் கேட்பது அதைத்தான். பகலில் சுவரோடு அலமாரிபோல நிற்கும், இரவில் கீழே இறங்கும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கித் தொழிலாக நடத்தினார். அவர் பெயரே எல்லா மடிப்புக் கட்டிலுக்கும் பொதுப்பெயராகி, 1989-ல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் 'மர்ஃபி பெட்' என்பதை இனி யாரும் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது.

இதன் உயிர் இருப்பது கேஸ் பிஸ்டனில், அதாவது உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தால் கட்டிலைத் தூக்கிக் கொடுக்கும் குழாயில். மெத்தையும் பலகையும் சேர்ந்த கனத்துக்கு ஏற்ற விசையோடு பிஸ்டனைப் பொருத்துவார்கள். அந்த விசையை நியூட்டனில் அளப்பார்கள், பிஸ்டன் மேலேயே எண் இருக்கும். பின்னால் மெத்தையை மாற்றினால் இந்தக் கணக்கு கலைந்துவிடும். கனம் குறைந்தால் கட்டில் கீழே நிற்காமல் மேலே எழப் பார்க்கும், கூடினால் இறக்கும்போது தொப்பென்று விழும். எங்கள் கட்டிலுக்கு லேசான மெத்தை வந்தபோது இந்த முதல் வகைக் கூத்து நடந்தது. குறைந்த விசையுள்ள பிஸ்டன் ஒரு ஜோடி மாற்றியதும் சரியானது. அது இல்லாமலும் பிஸ்டனில் அழுத்தம் வருடப்போக்கில் இறங்கிக்கொண்டே வரும். ஆகவே உதிரி பிஸ்டன் தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். இன்னொன்று, இந்தக் கட்டில் முன்பக்கம் சாயாமல் பிடித்து வைப்பது சுவர்தான். கான்கிரீட்டோ கட்டிய செங்கல்லோ என்றால் கவலையில்லை. உள்ளே வெறும் ஜிப்சம் தடுப்பு என்றால் அதன் பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடித்தான் போல்ட் போட வேண்டும்.

பொறிமுறைக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிலை மடிக்க வேண்டுமென்றால் போர்வை, தலையணை, பிள்ளை படுக்கையில் விட்டுப்போன புத்தகம், பென்சில், ஒற்றைக் காலுறை எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். முதல் வருடம் தினமும் மடித்தோம். இப்போது விருந்தாளி வந்தால், அல்லது தரையில் ரயில் தண்டவாளம் போட வேண்டும் என்று சின்னவன் அடம்பிடித்தால் மடிக்கிறோம். மிச்ச நாளெல்லாம் அது சாதாரணக் கட்டில்தான். தினமும் மடித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இந்தச் செலவு பலன் தரும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பிள்ளைகளின் இரண்டு அடுக்குக் கட்டில் அதைவிட மேல். அதில் நான் விட்டுக்கொடுக்காத விதிகள் இரண்டு. ஆறு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை மேல் தட்டில் படுக்கக் கூடாது. மேல் தட்டின் தடுப்பு, மெத்தைக்கு மேலே குறைந்தது 13 சென்டிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தடிமனான மெத்தை போட்டால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும் என்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். மெத்தை உயர உயரத் தடுப்பு தாழும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஏணியில் வட்டக் குழாய்ப் படிகளைவிடப் பட்டையான மரப் படிகள் பாதத்துக்கு நல்லது. இரவில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

டிராயர் அலமாரி பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நிறுவனத்தின் அலமாரியாக இருந்தாலும் பின்பக்கத்தைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். இரண்டு மூன்று டிராயரை ஒரே நேரத்தில் திறந்து, அதையே படியாக வைத்துப் பிள்ளை ஏறினால் பாரம் முன்பக்கம் சாய்ந்து அலமாரியே கவிழ்ந்துவிடும். இதனால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2022-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அலமாரியோடு வரும் அந்தச் சின்ன எல் வடிவத் தகடு 'தேவைப்பட்டால்' போடுகிற சாமான் இல்லை.

பலகை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பார்ட்டிகிள் போர்டு மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்தது. லேமினேட் ஒட்டியிருக்கும் வரை பளபளவென்று இருக்கும். விளிம்புப் பட்டி ஓர் இடத்தில் உரிந்து, துடைக்கும் ஈரம் உள்ளே போனால் உப்பிவிடும். உப்பியது திரும்பாது. ஸ்க்ரூவைக் கழற்றி அதே ஓட்டையில் மறுபடி மாட்டினால் பிடிப்பு முன்போல இருக்காது. வாடகை வீட்டில் இருந்து வீடு மாறுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும், பிரித்து மாட்டுவது அவர்களுக்கு அடிக்கடி வரும் வேலை. உயரமான அலமாரி, நடுவில் தாங்கல் இல்லாத நீளத் தட்டு, தண்ணீர் படும் இடம், இந்த மூன்றுக்கும் பிளைவுட்தான். மற்ற இடத்தில் சிக்கனம் பார்க்கலாம்.

சமையலறை எங்களுடையது ஒரு சந்து மாதிரி. நவீனச் சமையலறைக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படும், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையும் ஏறக்குறைய இப்படித்தான். மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1926-ல் ரயிலில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து வடிவமைத்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஒருவர் நின்ற இடத்திலிருந்து எல்லாம் கைக்கு எட்டும்படி ஒவ்வோர் அடியையும் எண்ணிப் போட்ட கணக்கு. சுமார் பத்தாயிரம் வீடுகளுக்கு அதைக் கட்டினார்கள். பின்னாளில் அதன் மேல் வந்த குறையும் அதே கணக்கினால்தான். ஒருவர் மட்டுமே நிற்க முடியும், வீட்டுக்காரி தனியாக அடைபட்டுப் போகிறாள் என்றார்கள். எங்கள் வீட்டில் அதை அனுபவித்தே அறிவோம். சமையலறைக் கதவைக் கழற்றி, அதன் வாசலுக்கு வெளியே சுவரில் மடங்கும் ஒரு பலகையை மாட்டினோம். கணவர் அங்கே காய் நறுக்குவார், பெரியவள் அங்கேயே வீட்டுப்பாடம் செய்வாள். பலகையைத் தாங்கும் மடிப்புக் கை இரண்டும் இன்றுவரை தளரவில்லை. இந்த வீட்டில் நாங்கள் செய்த மலிவான வேலைகளில் இது முதன்மையானது.

விளக்கு: படுக்கையறையில் 2700 கெல்வின், படிக்கும் இடத்தில் 4000 (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை). அவ்வளவுதான். சத்தம்: கம்பளமும் திரைச்சீலையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தாது. வெளிச் சத்தம் வருவது இடுக்கு வழியாக. கதவின் அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் ரப்பர் பட்டி ஒட்டினோம், வித்தியாசம் தெரிந்தது.

இப்போது பெஞ்சுக்கு வருவோம்.

ஒன்றரை ஆள் உட்காரும் நீளம், 40 சென்டிமீட்டர் ஆழம், 45 உயரம். மூடியைத் தூக்கினால் உள்ளே பெட்டி. மேலே சுவரில் இரண்டு வரிசைக் கொக்கி. பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளின் தோள் உயரத்தில் ஒன்று. இந்தக் கீழ் வரிசைதான் சூட்சுமம். பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் கொக்கி இருந்தால் பையும் தொப்பியும் அங்கே போகும். எட்டாவிட்டால் தரைக்குப் போகும். நம் அறிவுரை எல்லாம் அந்த உயர வித்தியாசத்தின் முன் நிற்காது. பெட்டிக்குள் எப்போதும் தயாராக ஒரு பை: தண்ணீர் பாட்டில், குடை, ஒரு மாற்றுச் சட்டை, டார்ச், சின்ன வெப்பமானி, நோட்டு, பென்சில், கட்டு போடும் துணி.

இதற்கு முன்னால் நாங்கள் வெளியே கிளம்புவது என்றால் ஒரு போர் ஆயத்தம். ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில், பாட்டில் அடுக்களையில், குடை எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேடி முடிப்பதற்குள் சின்னவனுக்கு ஆசை போய்விடும், எனக்கும்தான். பெஞ்ச் வந்த பிறகு "போலாமா?" என்று ஒருவர் கேட்டால் அடுத்த சில நிமிடத்தில் கதவு பூட்டியாகிவிடுகிறது. சின்ன வீட்டைப் பெரிதாக்கிக் காட்டும் சாமானுக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தை, வீட்டைவிட்டுச் சுலபமாக வெளியேற வைக்கும் சாமானுக்கு ஒதுக்கலாம். விளையாட இடமில்லை என்று கட்டிலை மடித்துக்கொண்டிருந்த நாங்கள், வாசலைச் சரிசெய்ததும் மடிப்பதைக் குறைத்துவிட்டோம். அது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

வெளியே போய் என்ன செய்கிறோம்? பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுப் பக்கம் வரும் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவது. அது எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தேடிப் பார்க்கக் கூடாது என்பது விதி. கடைசி நிறுத்தங்கள் பெரும்பாலும் சுவாரசியமற்றவை: ஒரு காலி மைதானம், பணிமனை, வரிசையாக மரம். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் இருந்து இறங்கிச் சோம்பல் முறிப்பதை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்று மெட்ரோ வரைபட விளையாட்டு. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் என்ற வரைவாளர் போட்ட வரைபடம் 1933-ல் வெளியானது. தூரத்தை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் நேர்கோடுகளாகக் காட்டிய படம் அது. உலகத்தின் பல நகர ரயில் வரைபடங்கள் அந்த வழியில்தான் வந்தன. படம் அழகு, ஆனால் தூரம் சொல்லாது. லண்டனிலேயே லெஸ்டர் ஸ்கொயரும் கோவென்ட் கார்டனும் தனித்தனி நிலையங்களாக இருந்தாலும் இடையில் 260 மீட்டர்தான். இதைப் பெரியவளுக்குச் சொன்னதில் இருந்து, எங்கள் ஊர் வரைபடத்தில் எந்த இரண்டு நிலையங்கள் பொய்யாகத் தூரம் காட்டுகின்றன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. "அம்மா, இங்கேயே இறங்கி நடக்கலாம், படம் ஏமாத்துது" என்பாள். சில நேரம் அவள் சொல்வது சரி. சில நேரம் நீண்ட நடை, சின்னவனை முதுகில் சுமந்தபடி.

வெப்பமானியின் கதை வேறு. நகரத்தின் கான்கிரீட்டும் தாரும் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெதுவாக விடும், அதனால் நகரின் நடுப்பகுதி புறநகரைவிட இரவில் வெதுவெதுப்பாக இருக்கும். புத்தகத்தில் இதை நகர வெப்பத் தீவு என்பார்கள். பிள்ளைகள் அதைத் தெருவில் அளக்கிறார்கள். மர நிழல், பேருந்து நிழற்குடை, தார் ரோட்டின் ஓரம், பூங்காக் குளத்துப் பக்கம் என்று நோட்டில் குறிப்பு. அறிவியல் முறைப்படி அதற்கு மதிப்பில்லை, வெப்பமானியை நேர்வெயிலில் காட்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இருந்தாலும் எந்தத் தெரு வழியாக நடந்தால் கால் சுடாது என்று இப்போது அவர்கள்தான் எங்களுக்கு வழி சொல்கிறார்கள்.

பெஞ்சைப் பற்றிய குறைகளையும் எழுத வேண்டும். ஒன்று, மூடி. சாதாரணக் கீல் போட்டது, பிள்ளை விரல் நசுங்க வாய்ப்பிருக்கிறது. மெல்ல இறங்கும் வகைக் கீல் போடச் சொல்லி வாங்குங்கள், அல்லது மூடியின் முன்விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள். இரண்டு, ஈரக் காலணி. மழையில் நனைந்ததைப் பெட்டிக்குள் போட்டு மூடினால் இரண்டே நாளில் நாற்றம் தாங்காது. தச்சரை அழைத்துப் பக்கவாட்டில் துளைகள் போட்டோம், இப்போது பரவாயில்லை. மூன்றாவது கொஞ்சம் முக்கியமானது. வாசல் வழிதான் தீ விபத்து என்றால் வெளியேறும் வழியும். பெஞ்ச் போட்ட பிறகு ஒரு பெரியவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடிக்காமல் போக முடிகிறதா என்று விளக்கை அணைத்துவிட்டு நடந்து பாருங்கள். மின்சார ஸ்கூட்டர், சைக்கிள் போன்றவற்றின் லித்தியம் பேட்டரியைக் கதவோரத்தில் சார்ஜ் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது எரிந்தால் வெளியேற வேறு வழி இருக்காது. என் கணவருக்கு அந்த இடத்தில் பிளக் பாயிண்ட் வைக்க ரொம்ப ஆசை. நான் ஒத்துக்கொள்ளவில்லை, இனியும் மாட்டேன்.

இந்த வருடம் கீழ் வரிசைக் கொக்கிகளை ஒரு சாண் மேலே ஏற்ற வேண்டும், பெரியவள் வளர்ந்துவிட்டாள். சின்னவனுக்கு அது எட்டாது. எனவே ஒற்றைக் கொக்கி வரிசைக்குப் பதிலாக, கொக்கிக் கட்டைகளை ஏற்றி இறக்கித் திருகிக்கொள்ளும்படி துளைகள் போட்ட செங்குத்துப் பட்டி இரண்டு மாட்டலாம் என்று தச்சர் சொல்லியிருக்கிறார். புதிதாகப் பெஞ்ச் செய்பவர்கள் தொடக்கத்திலேயே அப்படிச் செய்துகொள்ளலாம், சுவரில் மறுபடி ஓட்டை போடுவது மிச்சம்.