சிலிக்கானா, சொந்தக் கொழுப்பா?

பிரிக்ஃபீல்ட்ஸ்ல தே தாரிக் ஆறிப்போற வரைக்கும் மார்பைப் பெருசாக்க நினைக்கிற தோழிகிட்ட இதையேதான் பேசிக்கிட்டிருந்தேன். மார்புக்குள்ள வைக்கிற சிலிக்கான் பை, அதாவது இம்ப்ளான்ட்னா சைஸ முன்னாடியே முடிவு பண்ணலாம், இப்ப வர்ற ஜெல் கெட்டி, வெட்டினாலும் அகார் அகார் மாதிரி ஒழுகாம நிக்கும், ஆனா ஆயுசுக்கும் தாங்காது, 5, 6 வருஷத்துல ஒரு ஸ்கேன், அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒருதடவைன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ சொல்லுது. வெளி உறை சொரசொரப்பா இருக்கிற இம்ப்ளான்ட்ல அபூர்வமா லிம்ஃபோமாங்கிற புற்றுநோய் வருதுன்னு 2019ல அலர்கன் கம்பெனியோட பயோசெல் இம்ப்ளான்ட்டை உலகம் பூரா திரும்ப வாங்கிட்டாங்க.

கொழுப்புன்னா வயிறு, தொடையில இருந்து உறிஞ்சி ஊசியில ஏத்துறது, தொட்டா இயல்பா இருக்கும், ஆனா ஒரு பங்கு கரைஞ்சிடும், ப்ரா சைஸ்ல ஒரு கப் ஏறினாலே பெருசு. என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா அந்த ஒல்லிக்குச்சிக்கு எடுக்கவே கொழுப்பு இல்ல லா!