நாலாம் குறுக்குத் தெரு மாசி: தூள் வேண்டாம், துண்டு வாங்குங்கள்

கொழும்புப் புறக்கோட்டையில் மாசிக் கருவாடு வாங்குவதென்றால் முழுத்துண்டாகவே கேளுங்கள். தூளில் மலிவுக் கருவாடு கலந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். நல்ல மாசி விறகுபோல் இறுகியிருக்கும். உடைத்த இடம் கருஞ்சிவப்பாக மினுங்கும். விரலால் நசுக்கும்போதே உதிர்ந்தால் சரியாகக் காயவில்லை, சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். மாலைதீவுச் சரக்கு விலை கூடத்தான். ஆனால் சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்த அந்த வாசத்துக்குக் கொடுக்கலாம்.

ஒருகாலத்தில் மாலைதீவை ஆண்ட சுல்தானின் கையிலிருந்த பெரிய பேரப்பொருளே இதுதான். தீவுகளுக்கு அரிசி வெளியிலிருந்து வரவேண்டும். மாசிக்கோ முக்கிய சந்தை இலங்கை. தலைநகர் மாலேயின் வெளிவியாபாரம் பெரும்பாலும் பிரித்தானியப் பிரஜைகளான போரா முஸ்லிம் வணிகரிடம் இருந்தது. இந்த நிலையில் பிரித்தானியரோடு செய்த 1887 டிசம்பர் 16 உடன்பாட்டில் சுல்தான் உள்நாட்டு ஆட்சியைத் தக்கவைத்ததே பெரிய காரியம். வெளியுறவு முழுக்கக் கொழும்பிலிருந்த பிரித்தானிய ஆளுநர் வழியாகப் போயிற்று.

சம்பலுக்கு, ஒரு தேங்காய்க்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். உரலில் இடியுங்கள், கிரைண்டரில் முழுத்துண்டைப் போட்டால் பிளேடு போய்விடும். கடையில் தாளில் சுற்றித்தான் தருவார்கள், வீட்டுக்கு வந்ததும் ஈரமில்லாத போத்தலுக்கு மாற்றுங்கள்.